உளுத்த கட்டையும் உயிர்க் கூட்டமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்களும் பேராசிரியர்களும் நின்று இலக்கிய விருந்து படைத்துச் சென்றிருக்கின்றனர். அந்த இடத்தில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேச் சரக்குக் கொட்டகையில் இரசீது எழுதிக் காலம் கழிக்கும் என்னை நிறுத்தியது நம் செயலாளரின் துணிவே அன்றி என் தகுதி அன்று. "நீர் உம் நிலத்தில் விறகைக் குவித்துப் பாம்பு வளர்க்கிறீராமே, அதைப் பற்றிப் பேசும்" என்று அவர் கேட்டபோது, கேலி செய்கிறாரோ என்றுதான் முதலில் எண்ணினேன். கேலியாகவே இருந்தாலும் அதில் பாதி உண்மை இருப்பதால் ஒப்புக்கொண்டேன்.

என் தந்தையார் விழுப்புரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இரயில்வே வேலைக்காக ஜபல்பூர் வந்தவர். பணியில் இருக்கும்போதே காலமானார். அவர் விட்டுச்சென்ற இடத்தில் இரங்கி எனக்கு அளிக்கப்பட்டதே இவ்வேலை. ஊரில் எங்களுக்கு இருந்த காணி பங்காளிகளுக்குள் கரைந்துவிட்டது. கையளவேனும் மண் வேண்டும் என்ற ஆசை மட்டும் கரையவில்லை. 2014ஆம் ஆண்டில், நைன்பூர் செல்லும் பாதையை ஒட்டிய ஒரு சிற்றூரின் எல்லையில் ஓர் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலம் வாங்கினேன். அப்போது அப்பாதையில் குறும்பாதை வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மாட்டு வண்டியோடு போட்டி போட்டுத் தோற்கும் அந்த வண்டியில் சன்னலோரம் அமர்ந்து நிலத்துக்குச் சென்ற நாள்களை இன்றும் மறவேன். 2015ஆம் ஆண்டில் அதுவும் நின்றது. அகலப்பாதை பின்னர் வந்தது.

மின்கம்பம் எங்கள் நிலத்துக்கு அரை மைல் முன்னதாகவே நின்றுவிட்டது. கம்பி இழுக்க ஆகும் செலவைக் கேட்டபின், மின்சாரம் இல்லாமலே வாழ்வது என்று தீர்மானித்தோம். இரண்டு விளக்குகளுக்குப் போதுமான ஒரு சூரிய ஒளிப்பலகை, ஒரு கைப்பம்பு, மண்சுவர்க் குடிசை, மூன்று கட்டி அடுப்பு ஆகியவையே எங்கள் உடைமை. என் அன்னையார் ஆண்டில் பாதி நாள் அங்கேயே இருப்பார். நானும் மனைவி மக்களும் விடுமுறை நாள்களில் செல்வோம். துவரை, கொண்டைக்கடலை, கொஞ்சம் காய்கறி, இவ்வளவே சாகுபடி.

அந்நிலத்தில் காய்ந்துபோன இலுப்பை மரம் ஒன்று நின்றது. இந்நாட்டில் மஹுவா என்று போற்றப்படுவது அதுவே. ஒரு மாசி மாதத்தில் மர வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, ஆறாயிரம் ரூபாய் தருவதாகவும் அனுமதி முதலியவற்றைத் தாமே கவனித்துக்கொள்வதாகவும் சொன்னார். என் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய காலம் அது. நானும் ஏறத்தாழ இசைந்துவிட்டேன். மறுநாட் காலையில் அம்மரத்தின் மேற்கிளையிலிருந்து, செம்புப் பாத்திரத்தில் சுத்தியல் தட்டுவது போன்ற ஓசை கேட்டது. குருவியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பச்சைப் பறவை, நெற்றியிலும் மார்பிலும் சிவப்புத் திலகம் இட்டது, உளுத்த கிளையின் அடிப்புறத்தில் வட்டமாகத் துளை குடைந்து, தூளை வாயால் வாரி வெளியே உதறிக்கொண்டிருந்தது. செம்மார்புக் குக்குறுவான் என்று நூல்கள் அதனைக் குறிக்கின்றன. பச்சை மரத்தைக் குடைய அதன் அலகுக்கு வலிமை போதாது. உளுத்த கிளை இல்லையேல் அதற்கு வீடு இல்லை.

இங்கு ஒன்று சொல்ல வேண்டும். குக்குறுவானும் மரங்கொத்தியும் தச்சர்கள். ஆந்தை, மைனா, கிளி, குண்டுகரிச்சான் ஆகியவை வாடகைக்குக் குடியிருப்பவை. தச்சன் குடைந்து விட்டுப்போன பொந்திலோ, கிளை முறிந்து தானே உண்டான பொந்திலோ அவை குடிபுகும். ஒரு காய்ந்த மரத்தை வெட்டினால் ஒரு கூடு மட்டும் அழிவதில்லை. பின்னால் வரவேண்டிய பத்து ஆண்டுக் குடித்தனமும் போகிறது.

வியாபாரியைத் திருப்பி அனுப்பினேன். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றுக் கட்டணத்தைக் கட்டினேன். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளைக் குறை கூற மாட்டேன். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் போகும்போது, நான் செய்தது சரிதானா என்று எனக்கே ஐயம் எழுந்ததுண்டு.

மரத்தை விட்டதோடு நிற்காமல், கழிவு மரம் எது கிடைத்தாலும் சேர்க்கத் தொடங்கினேன். சந்தையில் உடைந்த மாம்பழப் பெட்டிகள், தச்சுப் பட்டறையின் துண்டுகள், மழையில் சாய்ந்த மாங்கிளைகள், வயலில் பிடுங்கிய துவரை மார், இவை எல்லாம் வந்து சேர்ந்தன. சரக்குக் கொட்டகையில் வேலை செய்பவனுக்கு மரத்துக்கு என்ன குறைவு என்று நீங்கள் எண்ணலாம். ஒரு சிராய்கூட அங்கிருந்து எடுத்ததில்லை. இரயில்வேயின் கழிவு எதுவாயினும் ஏலத்தில்தான் போகவேண்டும். ஏலத்தில் வாங்கியவரிடம் விலை கொடுத்துப் பெறுவது வேறு.

அப்படி விலைக்குக் கிடைத்தாலும் பழைய தண்டவாளக் கட்டைகளை வாங்காதீர்கள். இன்று பாதைகளில் பெரும்பாலும் கான்கிரீட் கட்டைகளே கிடக்கின்றன. மரக்கட்டை ஆண்ட காலத்தில், தேவதாரு போன்ற மரங்கள் கறையானுக்குத் தப்பவேண்டி அவற்றுக்குக் கிரியோசோட்டு என்னும் தார் எண்ணெயை அழுத்தி ஊட்டினார்கள். கறையானைக் கொல்வது தவளையையும் கொல்லும். அந்த எண்ணெய் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று மருத்துவ உலகம் கருதுகிறது. அதை அடுப்பிலும் எரிக்கலாகாது. சாயம் பூசிய கதவுத் துண்டும், பசை வைத்து ஒட்டிய பலகையும் அவ்வாறே விலக்கத்தக்கன. வெளிநாட்டுச் சரக்கோடு வரும் அடித்தட்டுப் பலகைகளில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை ஒன்று இருக்கும். அதில் எச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, தாராளமாகப் பயன்படுத்தலாம். எம்.பி. என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்னும் நச்சுப்புகை ஊட்டியது. அதை நான் தொடுவதில்லை. நாள்தோறும் பார்க்கும் முத்திரைக்கு இப்படி ஒரு பொருள் உண்டென்று, பதினைந்து ஆண்டு வேலை பார்த்த பிறகே அறிந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இனி, செயலாளர் கேட்ட பாம்புக்கு வருகிறேன்.

தொடக்கத்தில் எனக்குப் போதிய அறிவில்லை. சேர்த்த கட்டைகளை எல்லாம் குடிசையின் பின்சுவரை ஒட்டி அடுக்கினேன். நிழலும் ஈரமும் இருந்தமையால் ஒரே மழைக்காலத்தில் அங்கே உயிர்கள் பெருகின. தேரை வந்தது. அரணை வந்தது. அவற்றின் பின்னால் எலியும் வந்தது. நானோ பள்ளிப் பையன் போல ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொன்றையும் எழுதி மகிழ்ந்தேன். என் அன்னையாருக்குக் கட்டில் ஆகாது. பாய் விரித்துத் தரையில்தான் படுப்பார். ஆடி மாதத்து இரவு ஒன்றில், தண்ணீர் குடிக்க எழுந்த என் மகன் விளக்கை ஏற்றியபோது, அன்னையாரின் பாய்க்கு ஒரு முழத் தொலைவில் கட்டுவிரியன் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. கருநீல உடலில் வெண்பட்டைகள் அந்த மங்கலான ஒளியிலும் தெரிந்தன.

அன்பர்களே, கட்டுவிரியன் இரவில் இரை தேடுவது. தரையில் உறங்குவோரைக் கடிப்பது அதுவே மிகுதி. கடித்த வலிகூடப் பலருக்குத் தெரிவதில்லை. வீக்கமும் இராது. விடியும்போது இமை தாழ்ந்து, நா குழறி, மூச்சுத் தடுமாறும். நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்வது ஒன்றே வழி. மந்திரத்துக்கும் வேருக்கும் அங்கே இடமில்லை. அன்றிரவு அன்னையாரை மெல்லத் தூக்கி வெளியே கொண்டுவந்தோம். பாம்பு சுவரோரப் பொந்தின் வழியே, நான் ஆசையோடு அடுக்கிய அதே கட்டைக் குவியலுக்குள் சென்று மறைந்தது. "என்னப்பா, உன் விருந்தாளியா?" என்று கேட்டார் அன்னையார். எனக்குப் பேச நா எழவில்லை.

மறுநாளே சுவர்ப் பொந்துகளை அடைத்தேன். குவியலைக் கைகொண்டு தொடாமல் நீண்ட கழியால் ஒவ்வொரு கட்டையாகப் புரட்டி, குடிசையிலிருந்து ஐம்பது தப்படி தள்ளி நிலத்தின் கீழ்க்கோடியில் அடுக்கினேன். குடிசையைச் சுற்றிப் பதினைந்து அடிக்குப் புல்லோ கல்லோ கட்டையோ இல்லாமல் சுத்தம் செய்தேன். அன்னையார் கட்டிலுக்கும் கொசுவலைக்கும் மாறினார். வலையின் விளிம்பைப் பாயின் அடியில் செருகிப் படுப்பது பாம்புக்கும் தடை என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. அன்று முதல் குடிசைக்குள் பாம்பு வந்ததில்லை. கீழ்க்கோடியில் சாரைப்பாம்பு உண்டு, கீரியும் உண்டு. அவரவர் இடத்தில் அவரவர் இருக்கிறார்கள்.

கட்டைகளை எப்படி இடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பருத்த கட்டைகளில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்குமாறு புதைத்து, மரநிழலில் வைக்க வேண்டும். வெயிலில் கிடக்கும் கட்டை காய்ந்து பயனற்றுப் போகும். மாவும் இலவும் விரைவில் உளுக்கும். தேக்கும் ஆச்சாவும் நம் பேரன் காலம் வரை கிடக்கும். அவை உயிர்களுக்கு அவ்வளவாக உதவா. பலவகையும் கலந்திருப்பது நலம்.

கால் அங்குலமும் அதனினும் சற்றுப் பெரிதுமாக, நான்கு ஐந்து அங்குல ஆழத்துக்குத் துளையிட்ட ஒரு கட்டையை இறவாணத்தின் கீழ்த் தொங்கவிட்டால், இலைவெட்டித் தேனீ வந்து இலைத்துண்டுகளை வட்டமாக நறுக்கிக் கொணர்ந்து அறை அறையாகக் கட்டும். துளை மறுபுறம் ஊடுருவக் கூடாது. கருவண்டு என்று நாம் சொல்லும், ரீங்காரமிடும் பெரிய தச்சுத் தேனீயோ தானே குடைந்துகொள்ளும். உலர்ந்த மூங்கில் கிடைத்தால் அதற்கு அரண்மனை. துவரைப் பூவை நாடி வருபவற்றுள் இவ்விரண்டும் முதன்மையானவை. ஆகவே கட்டை போட்டது பூச்சிக்கு மட்டும் அன்று, எங்கள் சாம்பாருக்கும்தான்.

கடலை வயலில் எட்டடிக் கழிகளின் மேல் குறுக்குச் சட்டம் அறைந்து ஆங்காங்கே நட்டேன். பகலில் கரிச்சான் குருவி அதில் அமர்ந்து காய்ப்புழுவைப் பொறுக்கும். இரவில் புள்ளி ஆந்தை அமர்ந்து எலியைப் பார்க்கும். வேளாண்மைத் துறையினரும் இதனைப் பரிந்துரைக்கின்றனர். ஆனால், ஆந்தை வந்ததும் வீட்டில் ஒரு புயல் எழுந்தது. "ஆந்தை அலறும் இடம் குடிக்கு ஆகாது" என்று என் மனைவி அஞ்சினாள். அடுத்த நிலத்துக்காரரோ கைகூப்பி, "இலக்குமியின் வாகனம் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது" என்றார். தமிழ்நாட்டில் தீநிமித்தமாய் இருந்த பறவை நர்மதைக் கரையில் திருமகளின் ஊர்தி ஆகிவிட்டது! நாம் இடம்பெயர்ந்ததால் வந்த இலாபங்களுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளுமாறு மனைவியிடம் சொல்லி வைத்தேன். இன்னும் அவள் முழுவதும் இசையவில்லை.

வேலி ஓரத்தில் உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. காய்க்கும் முன்னரே அதை வெட்டி, இரண்டு வரிசை முளைகளுக்கு நடுவே இலந்தை முள்ளோடு சேர்த்து அமுக்கி, மார்பளவு உயரத்துக்கு அடைப்பு வைத்தேன். மாடும் நுழையாது, தவிட்டுக்குருவிக் கூட்டமும் ஒளிந்துகொள்ளும். ஒரே ஒரு பங்குனியில், இலுப்பைப் பூப் பொறுக்குவதற்காக மரத்தடிச் சருகுக்கு யாரோ இட்ட நெருப்பு பரவி அறுபது அடி அடைப்பைச் சாம்பலாக்கியது. அதன்பின் இருபுறமும் மூன்று தப்படி அகலம் செதுக்கி வைக்கிறேன்.

ஊருக்குத் திரும்பித் தென்னந்தோப்பு வைக்க எண்ணியிருக்கும் அன்பர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். நான் சொன்னதைக் கேட்டு உளுத்த தென்னங்கட்டையைத் தோப்பில் போட்டுவிடாதீர்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிட்டுப் பெருகி, வளரும் தென்னையின் குருத்தைத் துளைக்கும். அவ்வாறே, புதிதாய் வெட்டிய ஆச்சா மரத்தைக் காட்டோரம் போடுவதும் தவறு. 1990களின் பிற்பகுதியில் மண்டலாப் பகுதிக் காடுகளில் ஆச்சாத் துளைப்பான் வண்டு பெருகி, இலட்சக்கணக்கான மரங்கள் பட்டதை நான் இளைஞனாக இருந்தபோது அறிவேன். பச்சை ஆச்சாக் கட்டையை நசுக்கி வைத்து, அதன் சாற்று மணத்துக்கு மயங்கி வரும் வண்டுகளைக் கிராமத்தார் கூலிக்குப் பொறுக்கினார்கள். அவ்வண்டு பச்சை மரத்தையும் புதுக்கட்டையையும் நாடுவது. நெடுநாள் உளுத்த கட்டையில் அதற்கு வேலை இல்லை. எந்த மரம், எந்த நிலை என்று பாராமல் 'மட்கட்டும்' என்று விடுவதும் அறியாமையே.

இவையெல்லாம் எளிய செய்திகள். எனக்குக் கடினமாய் இருந்தது வேறொன்று.

எங்கள் நிலத்துக்கு அப்பால் கோண்டு இனத்து மூதாட்டி ஒருவர் வாழ்கிறார். எரிவாயு உருளை அவர் வீட்டிலும் இருக்கிறது. மறுமுறை நிரப்பப் பணம் இல்லாமையால் அது மூலையில் நிற்கிறது. ஒருநாள் தலையில் விறகுச் சுமையோடு வந்தவர், என் கட்டைக் குவியலின் முன் நின்று, "பாபு, இந்தச் சுமைக்காக நான் இரண்டு கோசம் நடந்து வருகிறேன். காட்டுக் காவலருக்கு அஞ்சி அஞ்சிப் பொறுக்குகிறேன். நீர் விறகை மண்ணுக்குத் தின்னக் கொடுக்கிறீரே" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. வியப்போடு சொன்னார். அதனால்தான் அது என்னைச் சுட்டது. மாதச் சம்பளக்காரன் ஒருவன் குருவிக்கு வீடு கட்டும் இடத்துக்கு நூறு தப்படி தூரத்தில், ஒரு கிழவி விறகுக்காக நடக்கிறார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுவாரம் அவரையே அழைத்து, குவியலைப் பிரித்துத் தருமாறு கேட்டேன். நேரான, காய்ந்த, கைப்பருமனுள்ள கட்டைகளை ஒருபுறம் ஒதுக்கினார். கோணலும் முடிச்சுமாய்ப் பிளக்க வராதவற்றையும், கை வைத்தால் உதிரும் உளுத்தவற்றையும் காலால் என் பக்கம் தள்ளினார். "இது புகையும், எரியாது. உம் பூச்சிக்கே இருக்கட்டும்" என்றார். காய்ந்த இலுப்பையின் கீழ்க்கிளைகள் இரண்டையும் அவர் மகன் வெட்டிக்கொண்டான். துவரை மார் முழுவதும் இப்போது அவர் அடுப்புக்கே போகிறது. வரப்பு நெடுகக் கிளைரிசிடியாக் குச்சிகளை நட்டிருக்கிறேன். தழை எங்கள் வயலுக்கு, கழி அவருக்கு. இதனால் அவர் நடை நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது. அவர் கேள்விக்கு நான் முழு விடை சொல்லிவிட்டதாக உங்களிடம் கூற மாட்டேன்.

சென்ற மழைக்காலத்தில் அவ்வம்மையார் தொன்னை நிறைய வெண்காளான் கொண்டுவந்தார். புதைத்த கட்டைகளைக் கறையான் பற்றி, அருகில் ஒரு புற்று எழுந்திருந்தது. இங்குள்ளோர் பிஹ்ரி என்பதும், நாம் புற்றுக்காளான் என்பதும் அதுவே. கறையான் மரத்தை மென்று புற்றுக்குள் காளான் தோட்டம் போடுகிறது. மழை பெய்ததும் அது குடை விரிக்கிறது. "நீர் மண்ணுக்குக் கொடுத்தீர், மண் எனக்குக் கொடுத்தது" என்று சொல்லிச் சிரித்து, பாதியை என் அன்னையாரின் முறத்தில் கொட்டினார். அவர் காட்டித் தந்ததை அன்றி வேறு காளான் எதையும் நாங்கள் தொடுவதில்லை.

இலுப்பை மரம் இன்னும் நிற்கிறது. குக்குறுவானின் பழைய பொந்தைக் காற்றும் மழையும் அகலமாக்கிவிட்டன. இப்போது அதில் புள்ளி ஆந்தை குடியிருக்கிறது. மரம் மேற்கே சற்றுச் சாய்ந்துள்ளது. விழும்போது யார் மீதும் விழாதிருக்க, அந்தப் பக்கத்து நடைபாதையை மாற்றியிருக்கிறேன். விழுந்தால் மேற்பாதி அம்மையாருக்கு, அடிப்பாதி கிடந்த இடத்திலேயே கிடக்கும் என்று பேச்சு. அவர் இப்போதே வந்து வந்து பார்த்துப்போகிறார்.

வாயிலருகே மேசையின் மேல் பன்னிரண்டு சிட்டுக்குருவிப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். மாம்பழப் பெட்டிப் பலகையில் நானும் என் மகனும் அறைந்தவை. நுழைவாயில் ஒன்றேகால் அங்குலம். பத்தடி உயரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். பூனை ஏறும் இடமாயின் வேண்டா. உள்ளே சாயம் பூசவேண்டா. விலை ஒன்றும் இல்லை. ஆறு பெட்டி நான் மாட்டியதில் இரண்டில்தான் குருவி வந்தது, ஒன்றை அணில் எடுத்துக்கொண்டது. ஆகவே முதல் ஆண்டில் வரவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.